கறுப்புத் தொட்டியில் மூன்று பேர்

வால்வைத் திறந்து ஒரு நிமிடம் ஆகியும் வர வேண்டியது வரவில்லை. குழாயின் வளைவில் பொருத்தியிருந்த கண்ணாடித் துண்டுக்குள் டிகாக்‌ஷன் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது, இரண்டு முறை கொப்பளித்தது, நின்றுவிட்டது. தர்ஷினி வண்டியின் பக்கவாட்டில் இருந்த அளவு விளக்கைப் பார்த்தாள். தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்கிறது என்று அது சாதித்தது.

"குன்று கட்டியிருக்கு," என்றாள்.

"சுத்தம்," என்றான் மோனிஷ், பைப்பைப் பிடித்தபடியே.

கடல் எடுத்துக்கொண்ட ஊர்களின் மக்களுக்கு அரசாங்கம் நிலம் கொடுக்கவில்லை, சக்கரம் கொடுத்தது. நிலம் என்றால் தேட வேண்டும், தேடிக் கண்டுபிடித்தால் அதன் சொந்தக்காரரோடு வழக்காட வேண்டும். சக்கரத்தில் அந்தத் தொல்லை இல்லை. குடும்பத்துக்கு ஒரு வண்டிவீடு. உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கக்கூஸ். வேலை இருக்கிற ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகலாம், ஓர் இடத்தில் பத்து நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டிகள். கக்கூஸில் இருந்து வருவது கறுப்புத் தொட்டி. சமையலும் குளியலும் சாம்பல் தொட்டி. கறுப்பைத்தான் முதலில் திறக்க வேண்டும். பிறகு சாம்பலைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் பைப்பைக் கழுவிக்கொண்டு போகும். மாற்றித் திறந்தவர்கள் பைப்பைச் சுருட்டும்போது அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்வார்கள்.

உளுந்தூர்பேட்டைக்கு வெளியே புறவழிச்சாலையில், வண்டிகள் தொட்டியைக் காலி செய்ய வரும் அந்த யார்டில் தர்ஷினியும் அவள் கணவன் மோனிஷும் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தார்கள். பெயர்களைக் கேட்டதுமே இப்போதைய பிள்ளைகள் பழங்காலத்து ஆட்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இது கை படாத வேலை என்று வண்டிவீட்டு வாரியம் யார்டின் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தது. கை படாத வேலைக்குக் கையுறை எதற்கு என்று உறை அனுப்புவதையும் நிறுத்திவிட்டது. மோனிஷின் தாத்தா இதே வேலையை வாளியோடு செய்தவர். மூன்று தலைமுறையில் வாளி மட்டும் மாறியிருந்தது.

பைப்பின் மறுமுனையில் ஒரு கருவி. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, யாருக்கும் நினைவில்லை. எல்லாருக்கும் அது மோப்பநாய். போகிற கழிவை முகர்ந்து, வண்டியில் எத்தனை பேர், எத்தனை ஆண், எத்தனை பெண், யாருக்கு என்ன நோய் என்று சொல்லிவிடும். ஆளை அடையாளம் காணக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்திருந்ததால், பெயரைப் பதிவேட்டில் இருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளும். வண்டியில் ஓர் ஆண் பதிவாகியிருந்தால், முகர்ந்த ஆணுக்கு அவர் பெயர். பச்சைச் சீட்டு வந்தால் சாலை. சிவப்புச் சீட்டு வந்தால் நாற்பது நாள் முகாம். தை மாதம் தர்ஷினி சிவப்புச் சீட்டு கொடுத்து அனுப்பிய ஒரு வண்டியில் ஐந்து பேர் போனார்கள். பங்குனியில் மூன்று பேர் திரும்பினார்கள். செத்த இரண்டு பேரும் எந்த நோய்க்காக உள்ளே போனார்களோ அதில் சாகவில்லை. 

இப்போது மோப்பநாய் 'மாதிரி போதவில்லை' என்று எழுதிக் காட்டியது. அப்படி வந்தால் தொட்டியைக் கழுவி, வண்டியை யார்டிலேயே நிறுத்தி, மூன்று நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

வண்டிக்காரி கடலூர்ப் பக்கம். சாதனா என்று பெயர், நாற்பது வயது இருக்கும். அவள் மகள் குழலிக்குப் பத்தொன்பது. அவள்தான் வண்டியை ஓட்டி வந்தவள். ஓட்டும் இருக்கையை விட்டு இறங்காமல் இருந்தாள்.

"ஏம்மா, நிக்கிற எடத்துல வால்வத் தொறந்தே வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள் தர்ஷினி.

"புதுசுக்கா. தெரியாம செஞ்சிட்டோம்."

"தொறந்தே வெச்சா தண்ணி மட்டும் ஓடிடும். கெட்டி எல்லாம் உள்ளயே தங்கிக் காஞ்சு கல்லாக் குன்று கட்டிடும். மூடி வெச்சு, நெறஞ்சப்புறம் ஒரே தடவையாத் தொறக்கணும். மொத மாசமே எல்லாரும் தெரிஞ்சிக்கிறதுதான்." பலகையில் இருந்த பதிவைப் பார்த்தாள். "ஏழு வருஷமா ஓட்டுறீங்க. புதுசுங்கிற."

சாதனா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒங்க வீட்டுக்காரரு? புகழேந்தின்னு போட்டிருக்கு."

"உள்ள தூங்குறாரு. ராத்திரி பூரா வேல."

மணி பதினொன்று. குன்றை உடைக்க வேண்டுமென்றால் வண்டிக்குள் ஏறி, கக்கூஸின் வாய் வழியாகக் கம்பி விட வேண்டும். கை படாத வேலையின் இந்தப் பகுதி சுவரில் எழுதப்படவில்லை. தர்ஷினி சொந்தக் காசில் வாங்கிய உறையைப் போட்டுக்கொண்டு ஏறினாள். இரண்டு கட்டிலிலும் யாரும் இல்லை.  கம்பியை விட்டு இரண்டு முறை குத்தினாள். நுனியில் ஒட்டிக்கொண்டு வந்ததைக் காகிதத்தில் வைத்து இறங்கினாள்.

மோப்பநாய்க்குப் பயிற்சி நிலை என்று ஒன்று உண்டு. புது ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தது. அதில் போடுவது வாரியத்துக்குப் போகாது. மோனிஷ் அதில் நண்பர்களுக்குப் பழச்சாறு ஊற்றி வேடிக்கை காட்டியிருக்கிறான். தர்ஷினி காகிதத்தில் இருந்ததை அதில் வைத்தாள்.

மூன்று பேர். பெண் இரண்டு, ஆண் ஒன்று. பெண்கள் நலம். ஆணுக்குக் காலரா.

விளக்கு சிவப்பாகத் துடித்தது. பயிற்சி நிலைதான் என்றாலும் அவள் கை தானாகவே அதை மறைத்தது.

குழலி அப்போதுதான் இறங்கி வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், விளக்கை மறைத்த கையைப் பார்த்தாள்.

"அப்பா இல்லக்கா," என்றாள். "செத்து ரெண்டு மாசமாவுது."

சாதனா வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுது முடித்தவள் மாதிரி இருந்தாள்.

"வாந்தி பேதி ஆரம்பிச்ச அன்னிக்கே இது அதுதான்னு தெரிஞ்சிபோச்சு," என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா சீட்டு கேப்பாங்க. இங்க வந்தா நாய் மோந்துடும். மூணு பேரும் முகாமுக்குப் போவணும். அவருதான் வேணாம்னாரு. வால்வத் தொறந்து வுட்ரு, தொட்டியில ஒண்ணும் தங்காது, எனக்கு ரெண்டு நாள்ல சரியாயிடும், அப்புறம் போவலாம்னாரு. அஞ்சாம் நாள் போயிட்டாரு. சவுக்குத் தோப்புல நாங்களே பொதச்சோம். ரெண்டு மாசமா எந்த யார்டுக்கும் போவாம ஒளிஞ்சு திரிஞ்சோம், இப்ப புதுச் சீட்டு இல்லாம யாரும் வேல குடுக்க மாட்டேங்கிறாங்க."

ஒன்றும் தங்காது என்று திறந்து வைத்தார்கள். திறந்து வைத்ததாலேயே எல்லாம் தங்கியது. ஒழுங்காக மூடி வைத்து ஏதாவது ஒரு யார்டில் காலி செய்திருந்தால், இரண்டு மாதத்துக்கு முன்னால் சிவப்புச் சீட்டு வந்திருக்கும், புகழேந்தி முகாமில் படுத்து எழுந்து உயிரோடு திரும்பியிருப்பான். நான்கு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் பிழைக்கிற வியாதி. இதைத் தர்ஷினி சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாதது இல்லை.

"எங்க தொறந்து வுட்டீங்க?"

"ஒரு வாய்க்கா ஓரமா."

எந்த வாய்க்கால் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் எழுத வேண்டும். கேட்காமல் இருந்ததற்காக அவள் அன்றைக்கும் வெட்கப்பட்டாள், பிறகும் வெட்கப்பட்டாள்.

"சாவ ஏம்மா எழுதிக் குடுக்கல?"

"மூணு பேர் இருந்தாத்தான் வண்டி. ரெண்டு பேருன்னா வண்டிய எடுத்துக்குவாங்க. அடுக்குக் கட்டடத்துல ஒத்த ரூம்பு குடுப்பாங்க, அந்த ஊர்ல வேலயே இல்ல. எங்க ஊர் ஆளுங்க நாலு குடும்பம் போயிருக்கு. அவங்க சோத்துக்கு என்ன பண்றாங்கன்னு நான் சொல்ல வேணாம்."

மோனிஷ் இதையெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான். தர்ஷினி அவனைக் கைகழுவும் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"கழுவலன்னா காலரா காட்டும். கழுவிட்டா ரெண்டு பேருன்னு காட்டும்," என்றாள். "ரெண்டு வழியிலயும் அதுங்க கத முடிஞ்சுது."

"நாம என்ன பண்ண முடியும்?"

"ஒரு ஆம்பள மூணு நாளு அந்தக் கக்கூஸுக்குப் போனாப் போதும்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "ஏன், நம்ம வூட்டுக் கக்கூஸு என்ன பாவம் பண்ணுச்சு?"

"மூணே நாளு."

"அடியே, இது தெரிஞ்சா வேல போயிடும். வேல போறது கூட இல்ல, எதுக்குப் போச்சுன்னு நாலு பேர்கிட்ட சொல்ல முடியுமா?"

"தையில போன அந்த அஞ்சு பேர நீங்கதான் கொடி காட்டி அனுப்பினீங்க," என்றாள். "திரும்பி வந்தப்ப எண்ணிப் பாத்ததும் நீங்கதான்."

மோனிஷ் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து மூடினான். "காலையில காப்பி குடுக்கச் சொல்லு," என்றான் கடைசியில். "காப்பி குடிக்காம எனக்கு வராது."

குன்றை உடைக்க அன்றைய பகல் முழுக்க ஆனது. முதலில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி நான்கு மணி நேரம் ஊற விட்டார்கள். அதை இறக்கிவிட்டு நல்ல தண்ணீரில் அலசினார்கள். பிறகு சுடுதண்ணீர், சோப்புத்தூள், மீன் மார்க்கெட்டில் இருந்து வாங்கி வந்த மூன்று மூட்டை ஐஸ் கட்டி. ஐஸைக் கக்கூஸ் வழியாகக் கொட்டி, குழலியை விட்டு வண்டியை யார்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டச் சொன்னார்கள். வளைவில் திரும்பும்போதெல்லாம் ஐஸ் கட்டிகள் உள்ளே முட்டி மோதுகிற சத்தம் கேட்டது. ஏழாவது சுற்றில் ஏதோ பெயர்ந்து விழுந்தது. வால்வைத் திறந்தபோது எல்லாம் வந்தது. மோப்பநாயைத் துண்டித்து வைத்துவிட்டு, கண்ணாடித் துண்டில் தண்ணீர் தெளியும் வரை தர்ஷினி பார்த்துக்கொண்டே நின்றாள். சாதனாவும் பார்த்தாள். அவள் கணவனின் கடைசி அடையாளம் அந்தப் பைப்பு வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்பது நால்வருக்கும் தெரியும். அதற்கு எப்படி நிற்க வேண்டும், கும்பிட வேண்டுமா என்பது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த மூன்று நாளும் மோனிஷ் விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வண்டிக்குப் போனான். சாதனா காப்பி போட்டு வைத்துவிட்டு மகளோடு இறங்கி, தூரத்தில் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொள்வாள். மூன்றாம் நாள் அவன் கொஞ்சம் உரிமையோடு சர்க்கரை குறைவு என்று சொன்னதாகக் கேள்வி.

நாலாம் நாள் காலையில் பைப்பை மாட்டினார்கள். கறுப்பு முதலில், சாம்பல் பிறகு. மோப்பநாய் இரண்டு நிமிடம் முகர்ந்தது. மூன்று பேர். பெண் இரண்டு, ஆண் ஒன்று. தொற்று இல்லை. பச்சைச் சீட்டு வந்தது.

சாதனா முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சீட்டு இன்னும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. தர்ஷினி அதைக் கிழிக்காமல் படித்தாள்.

'புகழேந்தி. பெருங்குடலில் இரத்தக் கசிவு, கட்டிக்கான அறிகுறி. பத்து நாளுக்குள் அறுவைச் சிகிச்சை. படுக்கை ஒதுக்கப்பட்டது.' கீழே மருத்துவமனையின் எண்ணும் தேதியும் இருந்தன.

புகழேந்திக்கா? அவன்தான் இல்லையே என்று முதலில் நினைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். மோனிஷ் சாம்பல் தண்ணீரில் பைப்பை அலசிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

பத்தொன்பது வருடமாக ஊர் உலகத்தின் வயிறு என்ன சொல்கிறது என்று அவள் படித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று அவள் புருஷனுக்கு முன்னால் இவளுக்குத் தெரியும். ஆனால் யார்டுக் குடியிருப்பின் கக்கூஸ் தரையில் தோண்டிய குழிக்குப் போகிறது. நகராதவர்களை முகர்வது வீண் செலவு என்று வாரியம் அங்கே கருவி வைக்கவில்லை. கூடப் படுத்து எழுகிறவனின் உடம்பு அவளுக்குத் தெரியவில்லை.  பைப்புச் சுருளின் மேலேயே உட்கார்ந்தாள்.

"ரத்தம் போவுதா?" என்று கேட்டாள்.

மோனிஷ் பாட்டை நிறுத்தினான். "அப்பப்ப. மூலம்னு நெனச்சேன்."

"எத்தன நாளா?"

"ஆடியில இருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ நாளு பூரா இதத்தான பாக்குற. வூட்லயுமான்னு..."

அவள் அவனை அடிக்கலாமா என்று நினைத்தாள். அடிக்கவில்லை. சாதனாவிடம் சீட்டைக் கொடுத்தாள். சாதனா அதை இரண்டு முறை படித்தாள்.

"அண்ணன் பேர்ல சீட்டு எடுக்க முடியாதா?" என்று கேட்டாள் குழலி.

"எங்களுக்கு நாய் இல்லம்மா. சீட்டு இல்லாம வரிசையில நின்னா பதினாலு மாசம் ஆவும். போன வருசம் இன்னொரு யார்டுல ஒருத்தரு நின்னாரு. கூப்பிட்டப்ப அவரு இல்ல."

 புறவழிச்சாலையில் லாரிகள் போயின.

"இது எங்க வீட்டுக்காரருக்கு வந்த சீட்டுதான?" என்றாள் சாதனா மெதுவாக. "நாங்க போற வழியிலதான் அந்த ஆஸ்பத்திரி. அண்ணன ஏறச் சொல்லுங்க."

"ஒரு தடவையோட முடியாதும்மா. அஞ்சு வருசம் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. ஒவ்வொரு தடவையும் அவருதான் புகழேந்தின்னு வந்து நிக்கணும். பத்து நாளைக்கு ஒரு தரம் ஒங்க வண்டிய எந்த யார்டு மோந்தாலும் அதுல ஆம்பள இருக்கணும். இங்கயும் அங்கயும் இருக்க முடியாது."

"எனக்குத் தெரியும்க்கா. அதனாலதான் கேக்குறேன். எனக்கும் ஆள் வேணும், ஒங்களுக்கும் படுக்கை வேணும்."

அவள் அதைச் சந்தையில் பேசுவது மாதிரிச் சொன்னாள். அப்படிச் சொன்னதுதான் தர்ஷினிக்கு ஆறுதலாக இருந்தது. இரக்கப்பட்டுச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டாள்.

புகழேந்தியின் அட்டையில் இருந்த படம் கடல் ஊருக்குள் வந்த வருடம் எடுத்தது. மீசை வைத்த எந்த மனிதனும் அதில் பொருந்துவான். அன்று பகல் முழுக்க அம்மாவும் மகளும் மோனிஷை உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். அப்பா பேர் தணிகாசலம். பிறந்த தேதி, பிறந்த தெரு. இடது முழங்காலில் படகு இடித்த தழும்பு. மோனிஷுக்குத் தழும்பு இல்லை. கேட்டால் ஆறிவிட்டது என்று சொல்ல வேண்டும். அவன் பள்ளிக்கூடத்திலேயே இவ்வளவு படித்ததில்லை என்றான். குழலி சிரித்துவிட்டாள். இரண்டு மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று சாதனா பிறகு சொன்னாள்.

மாலை நான்கு மணிக்கு வண்டி புறப்பட்டது. மோனிஷ் முன்னிருக்கையில் இருந்து கையை வெளியே நீட்டினான். "ஐஸு மூட்டைக்காரர்கிட்ட சாக்கு திருப்பிக் குடுத்துடு," என்றான். வேறு என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் வாரியத்துக்கு எழுதினாள்: கணவர் சொல்லாமல் போய்விட்டார், இருக்குமிடம் தெரியவில்லை. விசாரிக்க வந்த மேற்பார்வையாளர், "சண்டையாம்மா?" என்று கேட்டார். "ஆமா சார்," என்றாள். வண்டிக்காரி ஒருத்தியோடு போய்விட்டான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அதில் அவளால் மறுக்க முடிந்த சொல் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்தால் ஒரு டம்ளர் காப்பி அதிகமாகப் போட்டுவிட்டு அதையும் அவளே குடித்தாள்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. அப்போது ஒரு வண்டிக்குப் பைப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். உறையைக் கழற்றாமல் தோளால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அக்கா, சாதனா பேசுறேன். ஆபரேஷன் முடிஞ்சுது. எங்க வீட்டுக்காரரு கண்ணு முழிச்சிட்டாரு."

தர்ஷினி வால்வைத் திறந்துவிட்டு நிமிர்ந்தாள். "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இவ்ளோ நேரம் நர்ஸம்மா இருந்தாங்க. இப்பதான் வெளிய போனாங்க." சாதனா குரலைத் தாழ்த்தினாள். "மயக்கம் முழுசாத் தெளியலக்கா. அப்பவே கேள்வி கேட்டாங்க, நெனவு திரும்பிச்சான்னு பாக்க. எனக்கு உசுரே இல்ல. பேரு புகழேந்தின்னு கரெக்டா சொல்லிட்டாரு. அப்பா பேரு தணிகாசலம்னாரு. பொறந்த தெருவும் சொன்னாரு."

"பொழச்சுது."

"அப்புறம் பொண்டாட்டி பேரு கேட்டாங்க."

தர்ஷினி போனைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அத மட்டும் நாம சொல்லிக் குடுக்கலக்கா. நீங்க பக்கத்துல இருந்தீங்க, எனக்கு வாய் வரல. அவரு கண்ண மூடிக்கிட்டே தர்ஷினின்னுட்டாரு. நர்ஸம்மா சீட்டப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. அது வூட்ல என்னக் கூப்பிடுற பேருன்னு சொல்லிட்டேன். சீட்டுலயும் எழுதிக்கிட்டாங்க. இனிமே இங்க நான்தான் தர்ஷினி."

கண்ணாடித் துண்டுக்குள் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. தர்ஷினி அதன் நிறத்தைப் பார்த்தாள்.

"சரிம்மா," என்றாள். "அவரு கூப்பிட்டா திரும்பிப் பாரு."